காடாத் துணியும் கரும்புச் சோகையும்

இந்த அத்தியாயத்தைத் தொடங்கும் முன் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மருந்துக்கடையில் வாங்கிய பஞ்சைக் கொஞ்சம் போடுங்கள். மற்றொன்றில், செடியில் வெடித்த பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கி எடுத்த பஞ்சைப் போடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு சில நொடிகளில் நனைந்து அடியில் இறங்கிவிடும். செடிப்பஞ்சு மிதக்கும். விரலால் அமுக்கிவிட்டாலும் மேலே வந்துவிடும். இப்போது இரண்டாவது கிண்ணத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுங்கள். அதுவரை தண்ணீரைத் தொடாமல் இருந்த பஞ்சு, எண்ணெயை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

ஒரே செடியில் விளைந்த பஞ்சு ஒன்று தண்ணீரையும் இன்னொன்று எண்ணெயையும் ஏன் குடிக்கிறது? இதற்கு விடை தெரிந்தால், 2020ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவின் மக்கள் கோணிப்பையும், கரும்பின் காய்ந்த இலையான சோகையுமாகக் கடலில் இறங்கியதன் அறிவியல் புரிந்துவிடும். அந்த விடையை அன்றாடத் தொழிலாகவே வைத்திருக்கும் ஊர் ஒன்று ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சத்திரப்பட்டியின் சலவைப் பாடம்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். உலகின் பல மருத்துவமனைகளில் காயத்தைச் சுற்றும் துணி இங்கே இருந்து போகிறது. தறியிலிருந்து இறங்கும் துணிக்குக் காடாத் துணி என்று பெயர். லேசான பழுப்பு நிறத்தில் இருக்கும். அதை அப்படியே காயத்தில் வைத்துக் கட்டினால் பயனில்லை, ஏனென்றால் அது இரத்தத்தையோ நீரையோ எளிதில் உறிஞ்சாது. அதனால்தான் காஸ்டிக் சோடா கலந்த நீரில் வேகவைத்து, வெளுத்து, அலசி, காயவைக்கிறார்கள். அதற்குப் பிறகே அது மருத்துவத் துணி ஆகிறது. மருத்துவப் பஞ்சுக்கும் இதே பக்குவம்தான். நல்ல பஞ்சு தண்ணீரில் போட்ட 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி.

அந்தக் கொதிநீரில் எது கரைந்து போகிறது? மெழுகு. பருத்தி இழையின் பெரும்பகுதி செல்லுலோஸ். செல்லுலோஸ் தண்ணீரோடு ஒட்டி உறவாடும் பொருள். ஆனால் செடி தன் இழைக்கு வெளியே மிக மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறது. மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட வராத அந்தப் பூச்சு, இழையின் குணத்தையே மாற்றிவிடுகிறது. தாமரை இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதற்கும் இப்படிப்பட்ட மெழுகு ஒரு காரணம். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாகப் பிடித்துக்கொண்டிருப்பவை. அந்தப் பிடியை விட்டுப் பரவ வேண்டுமானால், எதிரே இருக்கும் பரப்பும் அதே அளவு இழுக்க வேண்டும். மெழுகு அப்படி இழுப்பதில்லை. எண்ணெயோ மெழுகின் இனம். அதன் மூலக்கூறுகளுக்குள் பிடிப்பும் குறைவு. அதனால் மெழுகுப் பரப்பைக் கண்டதும் படர்ந்து, இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் ஏறிவிடுகிறது.

சலவை செய்த பஞ்சு தண்ணீருக்கு, சலவை செய்யாத பஞ்சு எண்ணெய்க்கு. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமார் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தரம் குறைந்தது என்று ஆலைகள் ஒதுக்கும் முதிராத பருத்தி, தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயை ஏந்துவதைக் காட்டினார்கள். நம் மலையடிவாரத் தோப்புகளில் வெடித்துப் பறக்கும் இலவம்பஞ்சும் இந்த வேலையில் சளைத்ததல்ல. அதன் இழை உள்ளே குழலாகக் காற்று அடைத்துக்கொண்டிருக்கும், மெழுகும் அதிகம். தலையணைக்கு அடைக்கும் அந்தப் பஞ்சைத்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள்ளும் அடைத்தார்கள்.

கடலே இல்லாத ஊரில் இந்த விஷயங்கள் கைப்பழக்கமாக இருக்கின்றன. கடலுக்கு நடுவில் இருந்த ஓர் ஊருக்கு, ஒரு நாள் இவையெல்லாம் அவசரமாகத் தேவைப்பட்டன.

பன்னிரண்டு நாள்

மொரீசியஸ் தீவு தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. பிரெஞ்சுக்காரர்களின் காலத்திலேயே நம் கைவினைஞர்கள் அங்கே போனார்கள். 1834க்குப் பிறகு ஆங்கிலேயர் ஒப்பந்தக் கூலிகளைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றியபோது தமிழ்க் குடும்பங்களும் போயின. இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு.

2020 ஜூலை 25 மாலை, வாகாஷியோ என்ற கப்பல் அந்தத் தீவின் தென்கிழக்கே, புவாந்த் தெஸ்னி கடற்கரைக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான, சுமார் 300 மீட்டர் நீளக் கப்பல். சரக்கில்லாமல் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசி சிக்னல் கிடைப்பதற்காகக் கரையை நெருங்கி வந்தது பின்னர் விசாரணையில் தெரிந்தது. சரக்கு இல்லாவிட்டாலும் அதன் தொட்டிகளில் ஏறக்குறைய 3,900 டன் கப்பல் எரிபொருள் இருந்தது.

பாறையில் சிக்கியது ஜூலை 25. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. இடையில் 12 நாள். அலைகள் ஓயாமல் அந்த இரும்பை வளைத்துக்கொண்டிருந்தன. பாறையில் ஒரு பகுதி பதிந்தும் மறுபகுதி நீரில் தொங்கியும் நிற்கும் கப்பல், ஒரு கம்பியை மேலும் கீழும் வளைத்து ஒடிப்பதுபோல மெல்ல மெல்லக் களைத்துப்போகும். முடிவில் தொட்டி ஒன்று பிளந்தது. சுமார் 1,000 டன் எண்ணெய் காயலுக்குள் பரவியது. ஆகஸ்ட் 7இல் அரசு சுற்றுச்சூழல் அவசரநிலையை அறிவித்தது. கொரோனாவுக்காக எல்லைகள் மூடியிருந்த காலம் என்பதால் வெளிநாட்டு வல்லுநர்கள் உடனே வந்து இறங்குவதும் எளிதாக இல்லை.

பணியை அதிகாரிகளிடம் விட்டுவிட்டுப் பொதுமக்கள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மக்கள் ஒதுங்கவில்லை. மாஎபூர் கடல்முகப்பில் மீனவர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓட்டல் ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். தோட்டங்களிலிருந்து கரும்புச் சோகை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. துணியை நீள்குழாயாகத் தைத்து, சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். முடிதிருத்தகங்களில் மக்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். எண்ணெய் கரையைத் தொட முடியாதபடி பல கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவை வேலிகள் உருவாயின. எந்தக் கரும்புக்காக முன்னோர் கப்பலேற்றப்பட்டார்களோ, அதே கரும்பின் சோகையைத் தீவின் பிள்ளைகள் தங்கள் கடலைக் காக்க அள்ளி வந்தார்கள்.

கழுவ முடியாத உயிர்

அவர்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள்? பாறை என்று நாம் சொன்னாலும், பவளப்பாறை உயிரோடு இருக்கும் ஊர். ஊசிமுனை முதல் விரல்நகம் வரை அளவுள்ள சிற்றுயிர்கள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் சமைத்த உணவை வீட்டுக்காரருக்கும் பகிர்கின்றன. கட்டியான பவளம் வளர்வது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். ஓர் ஆள் உயரப் பவளம் என்றால் அதற்குப் பல தலைமுறை வயது.

பவளத்தின் மேல் எண்ணெய் படிந்துவிட்டால் அதைக் கழுவித் துடைக்க வழியே கிடையாது. மணலை அள்ளலாம், கற்களைத் தேய்க்கலாம். பவளத்தின் தோல் ஒரு விரல் உரசினாலே காயப்படும். எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கும் இரசாயனத்தைத் தெளிப்பது ஆழ்கடலில் ஒரு வழி. ஆழமற்ற பவளக் கடலில் அதைச் செய்தால், மேலே மிதந்த எண்ணெய் துளித்துளியாகக் கீழே பவளத்திடமே போய்ச்சேரும். ஆக, மிதக்கும்போதே எண்ணெயைத் தடுத்து எடுத்துவிடுவது ஒன்றே பவளத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவி. அதற்கான அவகாசம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. வாகாஷியோ நின்ற இடத்துக்கு அருகிலேயே புளூ பே கடல்பூங்கா, அலையாத்திக் காடுகள், அரிய செடிகளும் பறவைகளும் காக்கப்படும் ஈல் ஓ செக்ரெத் தீவு எல்லாம் இருந்தன. மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையினர் அந்தத் தீவிலிருந்து நாற்றுகளையும் அரிய விலங்குகள் சிலவற்றையும் பெருநிலத்துக்கு அவசரமாக எடுத்து வந்தார்கள்.

கடல் கடையும் வெண்ணெய்

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படிக்குப் போக வேண்டும். பால் என்பது தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்கும் கலவை. கோவா கிண்டுபவர் அதன் தண்ணீரை நெருப்பால் விரட்டுகிறார். வெண்ணெய் கடைபவரோ வேறு வேலை செய்கிறார். தயிரையோ பாலேட்டையோ மத்தால் அடிக்க அடிக்க, கொழுப்புத் துளிகள் ஒன்றுசேர்ந்து, ஒரு கட்டத்தில் கலவை தலைகீழாகிறது. தண்ணீருக்குள் கொழுப்பு இருந்தது போய், கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் சிக்கிக்கொள்கின்றன. நீராக ஓடியது கெட்டியாகத் திரள்கிறது.

கடலில் கொட்டிய எண்ணெயை அலை இப்படித்தான் கடைகிறது. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் புகுந்து, அதிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் அந்தத் துளிகளைச் சுற்றித் தோல் போர்த்திவிடுகின்றன. ஒரு டன் எண்ணெய் மூன்று நான்கு டன் கருஞ்சாந்தாக மாறிவிடும். அந்தச் சாந்து பஞ்சுச் சந்துகளுக்குள் ஏறாது, குழாயில் எளிதில் ஓடாது, அலையாத்தி வேரில் ஒட்டினால் விடாது. புதிதாகக் கசிந்த எண்ணெயை ஒரு மூட்டைச் சோகை பிடித்துவிடும். இரண்டு நாள் அலை கடைந்த எண்ணெய்க்கு அதே மூட்டை வெறும் தடுப்புச் சுவர் மட்டும்தான்.

வாகாஷியோவின் எண்ணெய் புது ரகம் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த உலக வரம்பு, 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாகக் குறைந்தது. காற்றுக்கு நல்லதைச் செய்த அந்த விதிக்குப் பிறகு வந்த குறைகந்தக எரிபொருள் பெரிய அளவில் கடலில் கொட்டிய முதல் விபத்து இது. அந்த எரிபொருள் பவளக் கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உலகம் இந்தக் காயலில்தான் படிக்கத் தொடங்கியது.

சோகை மூட்டையின் பலமும் எல்லையும்

கரும்பு இலையிலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது. காய்ந்த சோகைக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அதனால் அது மிதக்கும், எண்ணெயை ஒட்டவைக்கும். செடிப்பஞ்சோடும் இலவம்பஞ்சோடும் ஒப்பிட்டால் அதன் கொள்ளளவு சொற்பம்தான். ஆனால் பஞ்சு எங்கோ இருந்தது, சோகை பக்கத்து வயலில் இருந்தது. அவசரத்தில் நல்ல பொருள் என்பது கைக்கெட்டும் பொருள்தான். தலைமுடியும் இதே கதை. முடியின் மேல் செதில் செதிலாக அடுக்கிய தோலில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெயில் நனைந்த நீர்நாயின் ரோமத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க முடிதிருத்துநர் ஒருவர் இந்த யோசனையைப் பரப்பினார். இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு இறக்கும் முடியிலும் இதே குணம் உண்டு.

மிதவை வேலிக்கு இரண்டு வேலை: எண்ணெயை உறிஞ்சுவது, உறிஞ்ச முடியாததைத் திசை திருப்புவது. இரண்டாவதுதான் பெரிய வேலை. நீரோட்டம் நொடிக்கு சுமார் 35 சென்டிமீட்டரைத் தாண்டினால், நேர்குறுக்கே கட்டிய எந்த வேலியும் தோற்றுப்போகும். எண்ணெய் அதன் அடியால் நுழைந்துவிடும். நீரோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டினால் எண்ணெய் வேலியோரமாக நழுவி ஒரு மூலையில் சேரும், அங்கிருந்து அள்ளலாம். வாய்க்கால் மடையைச் சாய்த்து வெட்டி நீரைத் திருப்பும் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மொரீசியஸில் பவளப்பாறையே வெளியலையை உடைத்துக் காயலை அமைதியாக வைத்திருந்ததால்தான் சோகை வேலிகள் நிற்க முடிந்தன. தன்னைக் காக்க வந்தவர்களுக்கு அந்தப் பாறையும் காவல் நின்றது.

எல்லைகளையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊறிய சோகை நாளடைவில் மூழ்கும். மூழ்கும் முன் அதை எடுக்காவிட்டால் நாமே எண்ணெயைப் பவளத்தின் மேல் இறக்கியவர்கள் ஆவோம். அலையாத்திச் சேற்றில் கூட்டமாக நடந்தால் காலடிகள் எண்ணெயைச் சேற்றுக்குள் மிதித்துப் புதைக்கும். வெறுங்கையால் அள்ளியவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. கையுறை, காலணி, முகக்கவசம் இல்லாதவரை எண்ணெய்க்கு அருகில் விடக்கூடாது. எடுத்த எண்ணெய்ச் சோகை முழுவதும் ஆபத்தான கழிவு. அதை எங்கே வைப்பது என்று முடிவெடுத்த பிறகே முதல் மூட்டையைக் கடலில் இறக்க வேண்டும். கப்பலின் அருகே செய்யும் வேலை மீட்புக் குழுக்களுக்கு உரியது, அவர்களுக்கே அது உயிராபத்து. அந்த மீட்புப் பணியில் ஈடுபட்ட சர் கேட்டான் டுவால் என்ற இழுவைப்படகு ஆகஸ்ட் 31இல் மூழ்கி, மாலுமிகள் மூவர் இறந்தார்கள், ஒருவர் காணாமல் போனார்.

இவ்வளவுக்கும் நடுவில், கப்பலில் மீதி இருந்த எண்ணெயில் பெரும்பகுதியை மீட்புக் குழுவினர் சில நாளில் இறைத்து எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15இல் கப்பல் இரண்டாக உடைந்தது. மறுநாள் இந்தியா 30 டன்னுக்கு மேற்பட்ட கருவிகளையும் கடலோரக் காவல்படையின் பத்துப் பேர் குழுவையும் அனுப்பியது. வெளியிலிருந்து கருவிகள் வரும்வரை காயலைத் தாங்கி நின்றது சோகை வேலி. தன்னார்வலர்களால் எண்ணெய் முழுவதையும் எடுக்க முடியவில்லை, யாராலும் முடிந்திருக்காது. அவர்கள் கடலுக்குக் கொடுத்தது நேரம்.

இரும்பை அங்கேயே விட்டால்

எண்ணெயை எடுத்தாயிற்று, கப்பல் கூட்டை அப்படியே விட்டால் மீன்கள் குடியேறாதா என்று கேட்பவர்கள் உண்டு. மணல் தரையில் மூழ்கிய கப்பலுக்கு அது ஓரளவு பொருந்தும். பவளத்தின் மேல் கிடக்கும் கப்பல் வேறு. 2010 ஏப்ரல் 3இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஏறியபோது சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளம் நசுங்கியது. அதோடு, சிப்பி ஒட்டாமலிருக்கக் கப்பலின் அடியில் பூசிய நச்சுப் பூச்சும் பாறையில் உரசித் தங்கிவிட்டது. அந்தப் பூச்சின் நோக்கமே உயிரை ஒட்டவிடாமல் தடுப்பதுதான். அது கிடக்கும் இடத்தில் குட்டிப் பவளம் வேர்பிடிக்காது.

பசிபிக் நடுவிலுள்ள பால்மைரா திட்டில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. இரும்புச் சத்து மிகக் குறைந்த அந்தக் கடலில் துருப்பிடித்த கப்பல் உரமாகக் கரைய, பவளத்துக்கு உறவான ஓர் உயிரினம் களைபோலப் பரவி, உயிருள்ள பவளத்தை மூடிக் கொன்றது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிதைவை அகற்ற வேண்டியதாயிற்று. வாகாஷியோவின் பின்பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி அகற்றி முடிக்க 2022 ஆகிவிட்டது.

வைப்பாறு போய்ச்சேரும் கடல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் இல்லை. ஆனால் இந்த ஊர்களின் மலையில் பெய்யும் மழை கடலுக்குப் போகிறது. ஓடைகளாக இறங்கி, கண்மாய்களைத் தாண்டி, வைப்பாற்றில் சேர்ந்து, சாத்தூரையும் இருக்கன்குடியையும் கடந்து, சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே, தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பவளக் கடல். அந்த 21இல் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

ஆபத்து தொலைவில் இல்லை. 2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால்தான் அள்ளினார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு எதிரே எரிந்து மூழ்கியபோதும், 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோதும் கரையில் ஒதுங்கியவை அரிசிமணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள். எல்சாவின் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்தன. அதற்குப் பஞ்சு உதவாது. சல்லடை வேண்டும், மணலை நீரில் கொட்டிக் குருணையை மிதக்கவிட்டு அரிக்க வேண்டும். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்த கைகளுக்கு அது புதிய வித்தை அல்ல.

மொரீசியஸின் பாடத்தை நாம் முன்கூட்டியே படித்துவைக்கலாம். எந்த ஆலையின் கழிவுப் பஞ்சு, எந்தக் கிடங்கின் காடாத் துணி, எந்தத் தோப்பின் இலவம்பஞ்சு, எத்தனை மணி நேரத்தில் தூத்துக்குடிக்குப் போய்ச்சேரும் என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். எந்தத் தீவுக்கு முன்னால் எந்தச் சாய்வில் வேலி கட்டுவது என்பதை மீனவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை, கையுறை இருப்பு, கழிவு போகும் இடம். இவை எதுவும் பெருஞ்செலவு அல்ல. பாறையில் சிக்கிய கப்பல் 12 நாள் அவகாசம் கொடுத்தாலும், பட்டியல் இல்லாத ஊருக்கு அந்த 12 நாளும் வீணாகும்.

இப்போது நீங்கள் சோதனை செய்த கிண்ணங்களுக்குத் திரும்புங்கள். இரண்டாவது கிண்ணத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். எண்ணெயைக் குடித்த பஞ்சை இரண்டு விரலால் தூக்கி எடுங்கள், சொட்டுகிறதா என்று பாருங்கள். இந்தக் கைப்பிடியை எங்கே போடுவீர்கள்? சாக்கடையில் போட்டால் மழை வந்ததும் அது ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து வைப்பாற்றுக்கு. ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துவையுங்கள். போடும் இடத்தை முதலில் முடிவுசெய்யுங்கள்.